மூன்றாம் நாள் அளவு

என் தம்பி மாயாண்டி மாட்டின் தோலை அளப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வான். ஊசி போட்ட இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, பிறகுதான் கண்ணைத் திறந்து கவ்வியை எடுப்பான். கண் முந்திக்கொண்டால் விரல் அதற்கு ஆமாம் போட்டுவிடும் என்பது அவன் கணிப்பு. லிந்துலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருடமாக அவன் மாட்டுக்கொட்டிலில் வேலை செய்கிறான். அவனைவிட நான் ஆறு வயது மூத்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அவனும் அவ்வளவுதான்.

1948இல், பதினைந்து வயதில், சாணி அள்ளுகிற வேலைக்குத்தான் சேர்ந்தான். நாலு வருடம் கழித்துத் துரை பங்களாவுக்குப் பால் கொடுக்கிற மாடு ஒன்று தீனி எடுக்காமல் நின்றது. மாதம் ஒருமுறை வருகிற மிருக வைத்தியர் அபேகோன் வயிற்று மந்தம் என்று மருந்து கொடுத்தார். மாயாண்டி அவரிடம் போய், "ஐயா, ஏத்தத்துல சும்மா நடக்குது. எறக்கத்துல மட்டும் மொனகுது" என்றான். மாடு செத்த பிறகு அவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். தேயிலைப் பெட்டியில் அடிக்கிற ஆணி ஒன்று நெஞ்சுப் பக்கமாகக் குத்திக்கொண்டு நின்றது. இறக்கத்தில் நடக்கும்போது குடல் பாரமெல்லாம் முன்னால் சரிந்து ஆணியை அழுத்தியிருக்கிறது. அன்றிலிருந்து வைத்தியர் எந்த மாட்டைப் பார்த்தாலும் முதலில் மாயாண்டியைக் கூப்பிட்டுக் கேட்பார். அவனுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும், அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

சயரோகச் சோதனைக்குத் தோலை அளக்கிற கவ்வியையும் அவர்தான் அவன் கையில் கொடுத்துப் பழக்கினார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் அதை நண்டு என்பார்கள். சோதனை இப்படித்தான்: மாட்டின் கழுத்துத் தோலை அளந்து எழுதிக்கொண்டு, தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு மருந்து ஏற்றுவார்கள். மூன்றாம் நாள் அதே மணிக்கு மறுபடி அளப்பார்கள். கவ்வியில் இரண்டு கோடு வரை கூடுதலாகத் தடித்தால் பயமில்லை. நாலு கோடும் அதற்கு மேலும் போனால் மாட்டுக்குச் சயரோகம். அந்த மாடு திரும்பி வராது.

1959இல் சிவசாமி அண்ணனின் கறுப்புப் பசு அப்படித்தான் போனது. அவர் எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரர். அளந்தவன் மாயாண்டி. "ஆறு கோடு" என்று அவன் சத்தமாகச் சொன்னதை அவர் மறக்கவேயில்லை. அந்த வருடம்தான் மாயாண்டி வீடு வீடாகப் போய், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், நோய் பாலில் வரும் என்று சொன்னான். எல்லா வீட்டிலும் சொன்னவன், நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததால் என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பான்.

நான் காய்ச்சவில்லை. என் மகள் நாகலெட்சுமிக்கு, எங்கள் நாகுவுக்கு, காலையில் கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் கொடுப்பேன். மடிச்சூடு ஆறுவதற்குள் குடித்தால்தான் பிள்ளை தேறும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மயிலை எங்கள் சொந்தப் பசு, சாம்பல் நிறம், கண்ணாடி போலத் தோல். அதற்கு நோய் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

1961 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. தோட்டத்து மாடு பதினாலு, ஆட்களின் மாடு பதினேழு, மொத்தம் முப்பத்தொன்றுக்கும் ஊசி போட்டார்கள். மயிலையின் கழுத்துத் தோல் எட்டுக் கோடு. மறுநாள் தண்ணீர் காட்டப் போனபோது ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு வீக்கத்தைப் பார்த்தேன். வீக்கம் கண்டால் பத்து போடுவதுதான் நாங்கள் அறிந்த வைத்தியம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து, சூடுபடுத்தி, இரண்டு நாளும் காலையும் மாலையும் போட்டேன். வியாழக்கிழமை விடிந்ததும் வெந்நீரில் துடைத்து எடுத்துவிட்டேன். அளக்க வருகிறவர்கள் மாட்டை அழுக்காகப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

அன்று வழியில் மண் சரிந்து வைத்தியரால் வர முடியவில்லை. நேரம் தவறக் கூடாது, நீயே அளந்து எழுது என்று தொழிற்சாலைக்குப் போன் வந்தது. மாயாண்டி ஒன்பது மணிக்குத் தொடங்கினான். பதினெட்டாவதாக மயிலை வந்தது. கண்ணை மூடித் தடவினான். விரல் வழக்கத்தைவிட அதிக நேரம் அங்கேயே நின்றது. கவ்வியை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"என்ன மாயாண்டி, நண்டு கடிக்க மாட்டேங்குதா?" என்றார் சிவசாமி அண்ணன். "எம் மாட்டுக்குச் சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லு."

"பதிமூணு" என்றான் மாயாண்டி. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். எட்டு, பதின்மூன்று, வித்தியாசம் ஐந்து என்று எழுதினான். அதன் பிறகுதான் விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தான். மயிரை விலக்கி அடியில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, பத்து போட்டியா?"

"ரெண்டு நாளாத்தான் தம்பி. வீங்கியிருந்துச்சே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "பாத்தீங்களா," என்றார் சிவசாமி அண்ணன், "அக்காக்காரி பத்து போட்டா, சூட்டுல தடிச்சதுன்னு தம்பிக்காரன் மாடு தப்பிச்சிரும். எம் பொண்டாட்டிக்கு இந்த வித்த தெரியாமப் போச்சு!"

மாயாண்டி எழுதிய ஐந்தை அடிக்கவில்லை. பக்கத்தில் 'மஞ்சள் சுண்ணாம்புப் பத்து, நாலு வேளை, என் அக்கா' என்று எழுதிவிட்டு அடுத்த மாட்டைக் கூப்பிட்டான். மற்ற முப்பதும் நல்ல மாடுகளாகவே நின்றன.

வைத்தியர் சனிக்கிழமை வந்து ஏட்டைப் பார்த்தார். சுண்ணாம்புச் சூட்டிலும் தோல் தடிக்கும், நோயிலும் தடிக்கும். இந்த எண்ணை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது என்றார். ஒருமுறை மருந்து ஏற்றிய தோல் அடுத்த அறுபது நாளைக்குச் சரியாகச் சொல்லாது. அதுவரை மயிலையைத் தனியாகக் கட்டி, பாலைக் கறந்து குழியில் ஊற்ற வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாயாண்டி கேட்டான்: "பாப்பாவுக்குக் காய்ச்சித்தான குடுத்த?"

"ஆமா" என்றேன்.

அதற்கு முந்தின நாள்தான் நாகுவுக்குத் தலை சீவும்போது காதுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் தலையைப் பார்த்துவிட்டு, பேன் கடித்த புண்ணுக்கு நெறி கட்டியிருக்கிறது என்றார். அவர் சொன்னதைக் கொழுந்து எடுக்கும்போது நம்புவேன், பிள்ளையின் பக்கத்தில் படுத்தால் நம்ப மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சுருங்கியதாகத் தெரியும், மறுநாள் பெருத்ததாகத் தெரியும். கறந்த பாலைக் குழியில் ஊற்றும்போதெல்லாம் அதன் வெள்ளை மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி, இதைத்தானே இரண்டு வருடம் கொடுத்தேன் என்று நினைப்பேன். தம்பியிடம் சொல்ல வாயைத் திறப்பேன். அவன் ஊருக்கெல்லாம் சொன்ன ஒரே விஷயத்தை அவன் வீட்டிலேயே கேட்கவில்லை என்றால், அவனை யார் மதிப்பார்கள்? வாயை மூடிக்கொள்வேன்.

இரண்டாவது ஊசி நவம்பர் 20, திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் மாயாண்டி சிவசாமி அண்ணன் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, நாளையிலிருந்து மூணு நாளைக்கு எங்க மாட்டுக்கு நீங்கதான் காவல் இருக்கணும். எங்க அக்காவக்கூடக் கிட்ட விடாதீங்க."

"எம் மாட்ட அனுப்புனவன் மாட்டுக்கு நான் காவலா? நல்லாருக்கே கதை!"

"அதுக்காகத்தாண்ணே ஒங்களக் கேக்குறேன். நீங்க காவல் இருந்தா, வர்ற எண்ண யாரும் கொறை சொல்ல முடியாது."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஊசி போட்டு முடிந்ததும் கம்பளியோடு கொட்டில் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் புல்லுக்கட்டோடு போனால், "வடிவு, அங்கேயே வச்சிட்டுப் போ. மஞ்சக் கையோட உள்ள வராத" என்று விரட்டுவார்.

வியாழக்கிழமை வைத்தியர் நேரத்துக்கு வந்துவிட்டார். மாயாண்டியையே முதலில் அளக்கச் சொன்னார். அவன் கண்ணை மூடினான். இந்த முறை விரல் அங்கே நிற்கவில்லை, தொட்டதும் எடுத்துவிட்டான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவன் அளவு பதினைந்து. வைத்தியர் அளந்ததும் பதினைந்து. எட்டிலிருந்து ஏழு கோடு, பாக்கு மாதிரிக் கெட்டியான கட்டி. மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மயிலைக்குச் சயரோகம்தான்.

சிவசாமி அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் மயிலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "மாட்ட அனுப்பு. கயித்த அனுப்பாத. அடுத்த மாடு இந்தக் கயித்துலதான் நிக்கணும். எம் மாட்டுக் கயிறு இன்னும் வீட்லதான் இருக்கு." வேறு கயிறு போட்டு மயிலையைக் கொண்டுபோனார்கள்.

கயிற்றைப் பிடித்தபடி நான் மாயாண்டியிடம் சொன்னேன். "தம்பி, நான் காய்ச்சல. கறந்த சூட்டோடதான் குடுத்தேன்."

அவன் ஏட்டை மூடினான். "எத்தன நாளா?"

"பால்குடி மறந்ததுல இருந்து. ரெண்டு வருசம்."

"பாப்பா கழுத்துல நான் பாத்த கட்டி எப்ப வந்துச்சு?"

"செப்டம்பர் பதினஞ்சு."

திட்டினால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வை என்று மட்டும் சொன்னான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டர் நாகுவின் முன்கையில் ஒரு சிறிய ஊசி போட்டார். மாட்டுக்குப் போட்டது போலவே, தோலுக்குள். மூன்றாம் நாள் வாருங்கள், அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, எதுவும் பூசக் கூடாது என்றார். நேரம் காலை பத்து இருபது என்று மாயாண்டி எழுதிக்கொண்டான். ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, மஞ்சள் டப்பாவையும் சுண்ணாம்புச் செப்பையும் கொண்டுபோய்ச் சிவசாமி அண்ணன் வீட்டில் கொடுத்ததுதான். என் கையை நானே நம்பவில்லை. மூன்று நாளும் மஞ்சள் இல்லாமல்தான் குழம்பு வைத்தேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நீண்ட வரிசை. நாகு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். மாயாண்டி அவள் சட்டைக் கையை மடித்தான், கண்ணை மூடினான், கட்டைவிரலை வைத்தான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"என்ன தம்பி? சொல்லேன்."

"டாக்டர் அளக்கட்டும் அக்கா."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மட்டும் போதாது. அளக்கணும்."

டாக்டர் சிறிய அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு செந்நிறப் புள்ளி, தடிப்பு இல்லை. கழுத்துக் கட்டியையும் அழுத்திப் பார்த்து, தலையைப் புரட்டினார். தோட்டத்து மருந்துக்காரர் சொன்னதையேதான் அவரும் சொன்னார்: பேன் புண். பிள்ளைக்கு நோய் இல்லை, பாலை மட்டும் காய்ச்சிக் கொடுங்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மாயாண்டி பஸ் காசை எண்ண முயன்றான். சில்லறை கீழே விழுந்தது. குனிந்து நானே பொறுக்கிக் கொடுத்தேன்.

பொழுது சாய லயத்துக்கு வந்தோம். சிவசாமி அண்ணன் வாசலில் மஞ்சள் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எத்தன கோடு?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றான் மாயாண்டி.

டப்பாவை என்னிடம் நீட்டினார். "இந்தா வடிவு. இது கொழம்புக்கு மட்டுந்தான், ஆமா."