அண்ணனுக்கு வந்த ரெண்டாம் நம்பர்

எங்கள் வீட்டில் ஒன்றுதான் உசத்தி. ரெண்டு அதற்கு அடுத்தது. ஐந்து என்றால் குப்பை. இது அப்பா போட்ட கணக்கு இல்லை, ரப்பர் போட்ட கணக்கு. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் அப்பா ஷீட் தரம் பிரிக்கிறவர். புகையறையில் காய்ந்து தேன் நிறத்தில் வரும் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, பட்டைத் தூசி இருக்கிறதா என்று பார்த்து, நறுக்க வேண்டியதை நறுக்கி, ஒன்றாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று அடுக்குவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறாது. அம்மா சுட்ட ரொட்டியை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது மூனாம் நம்பரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவருக்கு ரொட்டியே கிடைக்கவில்லை.

இந்த நம்பர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஏன் பட்டாசு வெடித்தது என்று உங்களுக்கு விளங்காது.

அண்ணன் அப்போது கொழும்பில் இருந்தான். டிவியில் மாட்டி, இரண்டு கையாலும் ஒரு கட்டையைப் பிடித்துப் பொத்தானை அமுக்கி ஆடுவார்களே, அந்த வீடியோ கேம்களைச் செய்யும் ஒரு சின்னக் கம்பனியில் படம் வரைவதுதான் அவன் வேலை. அம்மாவுக்கு அது வேலையாகவே படவில்லை. "படிச்ச புள்ள, வெளயாட்டுப் பொம்மைக்கு வீடு வரைஞ்சிக்கிட்டு இருக்கான்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவாள். கடைசியில் அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் அப்பா ஆபீசுக்குப் போய், பெரிய கிளாக்கரிடம் அண்ணனுக்கு ஸ்டோரில் ஒரு வேலை கேட்டார். பெரிய கிளாக்கர் என்றால் எங்களுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடி. ஸ்டோரில் ஆள் எடுப்பதும் அவர்தான், லயத்துக்கு ஓட்டை அடைக்கத் தகரம் கொடுப்பதும் அவர்தான். அவர் இடம் ஒன்று வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் போனில் கெஞ்சினான். கேம் வெளியே வரப்போகிறது, வெளிநாட்டில் இதற்கென்றே விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டு நம்பர் போடுவார்கள், அதுவரைக்கும் பொறுங்கள் என்றான்.

"நம்ம ஷீட்டுக்குப் போடுற மாதிரியா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா, அப்புடித்தான்" என்றான் அண்ணன். அவசரத்தில் இருந்தான், பாவம்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகிவிட்டது. நம்பர் நல்லதாக வந்தால் அண்ணன் இஷ்டப்படி கொழும்பிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் ஸ்டோருக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தக் கேமைப் பொங்கலுக்கே எங்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தான். லயமே எங்கள் வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மழையில் தொலைந்துபோன தங்கச்சியைத் தேடி ஒரு பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவாள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த வீடுகளைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே கூச்சல். அண்ணன் எங்கள் லயத்தை அப்படியே வரைந்து வைத்திருந்தான்! அதே தகரம், அதே பச்சைக் கதவு, அதே ஒற்றை ஜன்னல். பக்கத்து வீட்டு அத்தை டிவியையே தொட்டு, "இந்தா, நாலாவது கதவு எங்கூடு!" என்று கத்தினாள். எனக்கென்றால் தலைகால் புரியவில்லை. எங்கள் கதவை உலகமே தட்டப்போகிறதே!

சித்திரை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை அந்த நம்பர் வந்தது. கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. யட்டியாந்தோட்டை பஸாரில் த்ரீவீல் ஓட்டுகிறவர். எங்கள் சொந்தத்தில் பெரிய போன் வைத்திருந்தவரும் அவர்தான். அண்ணன் சொல்லிவைத்த விமர்சனப் பக்கத்தை பஸாரில் திறந்து பார்த்தவர், ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டே லயத்துக்கு ஏறி வந்தார்.

"மச்சான், நம்பர் வந்துருச்சு! ரெண்டு! ரெண்டாம் நம்பரு!"

போனில் ஒரு வட்டம், அதற்குள் பெரிதாக 2. நானும்தான் எட்டிப் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்த இங்கிலீஷை வாசிக்க எங்களில் யாருக்கும் பொறுமையில்லை. அப்பா போனை வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மொதத் தடவையிலயே ஒன்னு எவனுக்கு வரும்?" என்றார். "ரெண்டு நல்ல நம்பரு. கப்பல் ஏத்தலாம்."

"நியமய்!" என்று சிங்களத்தில் ஒரு சபாஷ் போட்டுவிட்டு மாமா பட்டாசைக் கொளுத்தினார். அம்மாவே மனம் மாறி மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். நான் லயம் முழுக்க ஓடி ஓடி எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டோம், அவன் எடுக்கவில்லை. சந்தோஷத்தில் தூங்கியிருப்பான் என்று அம்மா சொன்னாள்.

மறுநாள் பகல் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினான். றோட்டடியில் மாமா அரளிமாலையோடு காத்திருந்தார். பின்னால் நாங்கள் ஒரு பட்டாளம். அண்ணன் கையில் அவனுடைய பெரிய பை, கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோன அதே பை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மாமா மாலையைப் போட்டதும் அவன் அதைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பட்டாசுத் தாளைப் பார்த்தான்.

"என்ன மாமா, கேலி பண்றீங்களா?"

"கேலியா? ரெண்டாம் நம்பரு எடுத்துருக்கடா!"

"பத்துக்கு ரெண்டு, மாமா! பத்துக்கு!" அண்ணன் கத்தினான். "பத்துதான் உசத்தி. ரெண்டுன்னா குப்பை!"

மாமா மாலையைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊரில் பத்தாம் நம்பர் உசத்தியாக இருக்கும் என்று எனக்கு மண்டை காய்ந்தது. அப்பாதான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

லயத்து வாசலுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன குத்தம் கண்டான்?" தரம் பிரிக்கிறவருக்குக் குறை என்னவென்று தெரியாமல் நம்பரை ஒப்புக்கொள்ள முடியாது. அண்ணன் போனை எடுத்து, அந்த வெள்ளைக்காரர் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொன்னான். குரலில் உயிரே இல்லை.

இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டைத்தான் வரைந்திருக்கிறார்கள், அதையே வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே கூரை. கதவின் நிறத்தை மாற்றக்கூட ஓவியருக்குச் சோம்பல். எந்தக் கதவைத் தட்டினோம் என்றே தெரியவில்லை. மனிதர்கள் இப்படி வாழ்வதில்லை.

"எந்தக் கதவுன்னு தெரியலையாமா?" பக்கத்து வீட்டு அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாலாவது கதவுன்னா கண்ணு தெரியாதவன்கூட வந்து தட்டுவானே!"

எனக்குத் திக்கென்றது. திரும்பி எங்கள் லயத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த லயம். ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே கூரை. அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மை! பஸாரில் வீட்டுக்கொரு நிறம் இருப்பதை நான் பார்க்காமல் இல்லை. அது பஸார், இது லயம் என்று விட்டிருந்தேன். இப்படி இருப்பது ஒரு குறை என்றோ, அதற்கு யாராவது நம்பரைக் குறைப்பார்கள் என்றோ எனக்கு யாருமே சொன்னதில்லை.

அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஷீட்டைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"இந்த லயத்தக் கட்டுனானே ஒரு வெள்ளக்காரன், அவனுக்கு எந்த நம்பரு போட்டானுங்களாம்?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போதும்யா, ஸ்டோருக்கே வந்துரு" என்றாள். அண்ணன் சரியென்று தலையாட்டினான். கம்பனி மூடினாலும் மூடிவிடும், அடுத்த கேமுக்கு ஆள் வைப்பார்களோ என்னவோ என்றான். நாளைக் காலையில் அப்பாவும் அவனும் பெரிய கிளாக்கரைப் பார்க்கப் போவதென்று பேச்சு முடிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. குறை என்னவென்றுதான் அந்த ஆளே எழுதிவிட்டாரே! கதவின் நிறத்தை மாற்றினால் போயிற்று. அண்ணன் அதைப் பார்த்து வரைந்துவிட்டால் நம்பர் தானாக ஏறிவிடும். கோயில் திருவிழாவில் மிச்சமான மஞ்சள் பெயின்ட் டின் எங்கள் அடுப்படி மூலையில்தான் இருந்தது. மறுநாள் காலையில் அம்மா ரப்பர் பால் வெட்டப் போய்விட்டாள். அப்பாவும் அண்ணனும் தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போனார்கள். நான் தூரிகையை எடுத்துக் கதவுக்கு மஞ்சள் பூசத் தொடங்கினேன். எவ்வளவு எம்பினாலும் பாதிக் கதவுக்கு மேல் என் கை எட்டவில்லை. கீழே மஞ்சள், மேலே பச்சை என்று நின்றது கதவு.

தூரிகையைக் கீழே வைத்த நேரம், பெரிய கிளாக்கரின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வந்தவராம். அதே சமயத்தில் அப்பாவும் அண்ணனும் தோளில் ஈரத்துவாயோடு மேலே ஏறி வந்தார்கள்.

"என்னங்க இது? யாரக் கேட்டு பூசுனீங்க? இது தோட்டக் கம்பனிக் கதவுங்க" என்றார் பெரிய கிளாக்கர்.

எனக்கு இன்னொரு இடி! எங்கள் கதவு எங்கள் கதவு இல்லையா? அப்படியானால் ராத்திரி அப்பா யாருடைய கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார்?

பெரிய கிளாக்கர் என் விரல்களைப் பார்த்துவிட்டார். பாதியில் நின்ற மஞ்சளையும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சின்னப்புள்ள வேலையா? பரவால்ல, அந்திக்குள்ள பச்சையப் பூசிருங்க. மகனக் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வாங்க, இன்னைக்கே வேலையப் போட்டுத் தாறேன்."

அவ்வளவுதான், தலை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன். அப்பா கதவைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"புள்ள பூசலீங்க" என்றார் அப்பா. "நான்தான் பூசுனேன்."

பெரிய கிளாக்கரின் சிரிப்பு நின்றுவிட்டது. "எதுக்கு?"

"எங்க வீட்டுக் கதவுங்க. அதான்."

"பச்சையப் பூசுவியா, மாட்டியா?"

"மாட்டேங்க."

"அப்ப மகனுக்கு வேலைன்னு ஆபீஸ் பக்கம் வந்துறாத."

"சரிங்க" என்றார் அப்பா, யாரோ டீத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி.

கையில் வந்த வேலையை ஒரு சொல்லில் தள்ளிவிட்டாரே! துரைக்கும் கிளாக்கருக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நின்றறியாத மனுஷன்! நான் வாங்க வேண்டிய ரெண்டு அடிக்குப் பயந்து இவ்வளவு பெரிய பொய்யா? அம்மா பால் வாளியோடு வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஈர்க்குமாறை எடுத்து என்னை விளாசவும் செய்தாள். அப்பாவின் பொய் அந்த அடியைக்கூடத் தடுக்கவில்லை.

பகல் பஸ்ஸுக்கு அண்ணனை றோட்டடி வரைக்கும் கூட்டிப்போனோம். அப்பா பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "ஸ்டோர் வேல போயிருச்சு. இனி நீ திரும்பி வந்தாலும் இங்க ஒன்னும் இல்ல. போய்ப் படம் வரை" என்றார், கோபமாக. அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் சிரித்தது. பத்துக்கு ரெண்டு வாங்கியதில் இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மஞ்சள் பெயின்ட் டின்னைத் தேடி எடுத்தார். என் கை எட்டாமல் விட்ட மேல்பாதியைப் பூசத் தொடங்கினார். நின்று நின்று, திட்டு விழாமல், மூலை முடுக்கு விடாமல் பூசினார். அவர் சொன்ன பொய்யை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் போய் டின்னைப் பிடித்துக்கொண்டேன்.