தலைகீழாகத் தெரிந்த இதயம்

இதையெல்லாம் இந்த ஆசிரியர்கள் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

எங்கள் பள்ளியில் கூரை புரொஜெக்டரின் ரிமோட், தொலைந்துவிடக் கூடாதென்று தலைமையாசிரியையின் பீரோவிலேயே இருக்கும். நாங்கள் ஒட்டடைக் கம்பால்தான் பட்டனை அமுக்குவோம்.

இன்று கம்பு பக்கத்துப் பட்டன்களிலும் பட்டுவிட்டது. பென்டிரைவில் கொண்டுபோன இதயப் படம் தலைகீழாக வந்தது. எவ்வளவு அமுக்கியும் நேராகவில்லை; ரிமோட் இருந்தால்தான் சரிசெய்ய முடியும்.

"டீச்சர், நாங்க வேணா பெஞ்சுல தலைகீழா நின்னு பாக்கவா?" என்றாள் முத்துமாரி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மத்தியானம் தகவல் வந்தது. நாளைக் காலை முதல் பாடவேளையில் கல்வி அதிகாரி இதே வகுப்பைப் பார்க்க வருகிறார். தற்காலிக ஆசிரியையான என்னை வைத்துக்கொள்வதா என்பது அவர் சொல்வதைப் பொறுத்தது.

விடுப்பிலிருக்கும் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன்.

"பீரோ சாவி எங்கூட மதுரைக்கு வந்துருச்சும்மா. நாளைக்கு மத்தியானம்தான் வாரேன். நீ படிச்ச புள்ளதான, சமாளி."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்தான். இப்படிச் சமாளிப்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றிலும் இதே புரொஜெக்டர்தான். நாளை காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் வரும் ஆசிரியர்கள் யாராவது உங்கள் ரிமோட்டை ஒருநாள் தருவீர்களா? டிரைவருக்குப் பின் சீட்டில் இருப்பேன். நானாக வந்து பேசக் கூச்சம். நீங்களே கூப்பிட்டுவிடுங்கள்.