தட்டியில் எழுதிய சாவு

தங்கப்பொண்ணு தன் வாழ்நாளில் பார்த்த ஒரே இங்கிலீஷ் படம், அவள் புருஷன் மலைச்சாமி பார்க்கப் போய்ச் செத்துப்போன படம்தான்.

மலைச்சாமிக்குப் பேரையூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. மழை ஏமாற்றிக்கொண்டே வந்ததில் அதை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து ஒரு நூற்பாலையில் சேர்ந்தார். பஞ்சு மூட்டையைப் பிரித்து மெஷினுக்குள் அள்ளிப் போடுகிற வேலை. புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியபடிதான் வீட்டுக்கு வருவார். சில வருஷங்களில் இருமல் பிடித்தது. ஞாயிறு லீவு முடிந்து வேலைக்குப் போகிற திங்கட்கிழமை நெஞ்சை இறுக்கும். மில் டாக்டர் பீடியை விடச் சொன்னார். மலைச்சாமி பீடி குடித்ததே இல்லை.

வில்லாபுரத்தில் அவர்கள் இருந்தது தகரக் கூரை வீடு. நைட் சிப்ட் பார்த்தவர் பகலில் அதற்குள் படுக்க முடியாது, வெந்துபோவார். அதனால் கஞ்சியைக் குடித்துவிட்டு, கூட வேலை பார்த்த சுருளியோடு ஏதாவது தியேட்டருக்குக் காலைக் காட்சிக்குப் போய்விடுவார். என்ன படம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஃபேனுக்குக் கீழே ஒரு சீட் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவார்.

1979 கோடையில் அப்படிப் போன ஒரு நாள், படம் முடிந்து லைட் போட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. சுருளி தோளைத் தொட்டான். தலை அவன் மேலேயே சாய்ந்தது.

அன்று ஓடியது ஐரோப்பாவில் எங்கேயோ, எந்தக் காலத்திலோ எடுத்த பேய்ப்படம். பயந்து ஒருத்தன் செத்துட்டானாம் என்று சாயங்காலமே டீக்கடைகளில் பேச்சாகிவிட்டது. பேரையூரிலிருந்து எழவுக்கு வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். காரியம் முடிவதற்குள் தியேட்டர் வாசலில் ஒரு மூங்கில் தட்டி நின்றது. சிவப்பு எழுத்தில், "பயத்தில் ஒருவரைப் பலிகொண்ட படம்! இதய பலவீனம் உள்ளவர்கள் வரவேண்டாம்!" ஈயாடிக் கிடந்த தியேட்டருக்குக் கூட்டம் வந்தது. படத்தை மேற்கொண்டும் ஓட்டினார்கள்.

தங்கப்பொண்ணு மில் ஆபீசுக்குப் போய், பஞ்சு தின்றுதான் தன் வீட்டுக்காரருக்கு நெஞ்சு போச்சு என்று சொன்னாள்.

"சினிமாவுல பயந்து செத்ததுக்கு மில்லு என்னம்மா பண்ணும்? ஊரே சொல்லுதே" என்றார் அங்கிருந்த அதிகாரி.

அவள் நேரே சுருளி வீட்டுக்கு வந்தாள். "தம்பி, என்னைய அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போ."

"மதினி, அது பொம்பளைக போற படமில்ல. அண்ணே அதைப் பாக்கவே இல்ல. பேரு போடும்போதே குறட்டை."

"நீ சொல்றத நம்புறேன்ப்பா. ஆனாலும் அது என்னதான்னு நான் பாக்கணும்."

தியேட்டரில் ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பனி கொட்டுகிற ஊர், இடிந்த கோட்டை, செத்தவர்களைத் தைத்து எழுப்பும் ஒரு டாக்டர். வௌவால் பறந்தால் அதைக் கட்டிய கம்பி தெரிந்தது. பேயின் கழுத்தில் முகமூடியின் ஓரம் பிய்ந்து நின்றது. நடிகர்கள் வாயை மூடிய பிறகும் இங்கிலீஷ் பேச்சு வந்தது. கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. பயம் எங்கே வரும் என்று தங்கப்பொண்ணு கண்ணெடுக்காமல் காத்திருந்தாள்.

பிறகு ஒருத்தி சவப்பெட்டி மேல் விழுந்து அழுதாள். மூடி திறந்தது, அவள் புருஷன் எழுந்து உட்கார்ந்தான். அவள் அலறிக்கொண்டு பனிக்குள் ஓடினாள்.

"இவ எதுக்கு ஓடுறா?" என்றாள் தங்கப்பொண்ணு.

"செத்தவன் எந்திரிச்சு வாரான்ல, மதினி."

"வந்தா என்ன? அவ புருசன்தான?"

சொன்னவள் உடைந்துபோனாள். எழவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை என்று சுருளி பிற்பாடு சொன்னான். முன்சீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் மேனேஜரிடம் போனாள். "அந்தத் தட்டிய எடுங்கய்யா. செத்தது என் வீட்டுக்காரரு."

மேனேஜர் எழுந்து நின்றார். "மொதலாளி சொல்லாம நான் தொட முடியாதும்மா."

அவளே தட்டியைப் பிடித்து இழுத்தாள். சுருளி மறுபக்கம் பிடித்தான். டிக்கெட்டுக்கு நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். யாரென்று தெரிந்ததும் அடங்கினார்கள். மூங்கில் ஒடிந்து தட்டி கீழே விழுந்தது.

மறுநாள் அதே இடத்தில் புதுத் தட்டி. "பலியானவரின் மனைவியே பார்த்துக் கதறிய படம்!"

சுருளி அதை அவளிடம் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள். அவள் அதன்பின் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

யூனியன்காரர்கள் பேசிப் பார்த்தார்கள். மில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இரக்கப்பட்டு என்று சொல்லி, அவளுக்குக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் கொட்டடியில் வேலை கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். போய்ச் சேர்ந்தாள். மூக்கில் துணி கட்டித்தான் வேலை பார்த்தாள், இருந்தும் இருமல் அவளையும் விடவில்லை.

புதிதாக வருகிற பெண்கள் எப்போதாவது கேட்பார்கள். "ஒங்க வீட்டுக்காரரு பேய்ப்படம் பாத்துத்தான் செத்தாராமேக்கா?"

"நானும் அந்தப் படத்தப் பாத்தேன் தாயி. அதுல ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.