பனிக்குள் ஒரு பெட்டி, பஸ்ஸுக்குள் ஒரு பிரளயம்

இன்று மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் வரும்போது, ரொறன்ரோவிலிருந்து அண்ணரின் மகள் தர்ஷினி வீடியோவில் அழைத்தாள்.

அங்கே காலை. பனி மூடிய பூங்கா. பனியில் புதையாமலிருக்க, காலில் டென்னிஸ் மட்டை அகலத்தில் சப்பாத்து. இமயமலையை இரண்டு தடவை ஏறி இறங்கியவள் போல மூச்சு வாங்கினாள்.

"சித்தப்பா, இது ஜியோகேஷிங். ஆரோ ஒளிச்சு வச்ச பெட்டியை ஃபோன்ல மேப் பாத்துத் தேடுற விளையாட்டு. இஞ்ச பாருங்கோ, கிடைச்சிட்டுது!"

மரத்தடியில் கறுப்பு டேப் சுற்றிய பெட்டி. சுற்றிவர ஒரு மனிதர் இல்லை.

என் இதயம் நின்றது. இரண்டு பஸ் ஹோல்ட் தாண்டித்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஐயோ பிள்ளை, பெட்டியைத் தொடாதை! ஆற்றையெண்டு தெரியாத பெட்டி! தள்ளி ஓடு!"

பெட்டிக்குச் சிங்களத்திலும் பெட்டிதான். ஆகவே பஸ்ஸில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார்.

"கோ பெட்டிய?" எங்கே பெட்டி என்று சிங்களத்தில் கேட்டபடி கண்டக்டர் சீட்டுகளுக்கடியில் தேடினார்.

முன்சீட்டு அம்மா மடியிலிருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்தார். "இது கேக், தம்பி! என்ட மகளுக்கு பர்த்டே!"

"ரொறன்ரோ! ரொறன்ரோ!" என்று ஃபோனை உயர்த்திக் காட்டினேன்.

அதற்குள் தர்ஷினி பெட்டியைத் திறந்திருந்தாள். உள்ளே ஒரு ரப்பர் வாத்து.

"ஏன் சித்தப்பா இப்பிடிப் பயப்பிடுறியள்? பெட்டிதானே?"

பெட்டிதானேயாம். எங்கள் பஸ்களில் பெட்டிகள் குண்டாக வெடித்த காலம் ஒன்று இருந்தது.

ஆளில்லாத பெட்டியைக் கண்டால் ஓடாமல் திறந்து பார்க்கும் கொழும்புக்காரர் யாராவது இருக்கிறீர்களா? கமெண்டில் சொல்லுங்கள். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார மாட்டேன்.