ஊசி குத்தாத டொக்டரின் மனுசி

அத்தான் தன் பெட்டியைத் திறக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் கோப்பாய் வீட்டின் முன்விறாந்தையில் காத்திருக்கும் சனம் நிமிர்ந்து உட்காரும். உள்ளே பித்தளை முனை வைத்த ஒரு பேனை, ஒரு பித்தளைக் குழாய், இரண்டையும் மடிக்கணினியோடு இணைக்கும் வயர். நோயாளி குழாயை ஒரு கையில் பிடிக்க, மற்றக் கையின் விரல் நுனிகளில் அத்தான் பேனையை வைத்து அழுத்துவார். திரையில் பன்னிரண்டு பச்சைக் கோடுகள் எழும்பும். இது இதயத்தின் சக்திப் பாதை, இது நுரையீரலினுடையது, இது ஈரல் என்று வாசிப்பார். பிறகு அக்குபஞ்சர் புள்ளிகளில், ஊசி குத்தாமல், மெல்ல அதிரும் இன்னொரு கருவியை வைப்பார். கடைசியில் ஈரப்பஞ்சால் விரல்களைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் அளப்பார். கோடுகள் உயர்ந்திருக்கும். “பாத்தியளோ, அடைப்பு எடுபட்டிட்டுது” என்பார். சனம் கும்பிடும்.

அவர் என் அக்காவின் கணவர். சுவிசில் கோப்பை கழுவினார். அதில் ஒரு குறையும் இல்லை, கோப்பையாவது துப்புரவானது. பிறகு ஏதோ ஒரு வகுப்புக்குப் போய், சட்டம் போட்ட சான்றிதழோடு ஊருக்கு வந்திறங்கி டொக்டர் ஆகிவிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவருக்காகவே சொன்னது.

ஒருநாள் குருநகரில் மீன் விற்கும் ஒரு அம்மா முழங்கால் நோவுக்கு வந்தார். சந்தை கலைந்ததும் நேரே பஸ் ஏறியவர், கையில் உப்புத் தண்ணீர்கூடக் காயவில்லை. பேனையை வைத்ததும் எல்லாக் கோடுகளும் திரையின் உச்சிக்கே போய் நின்றன. அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இப்படியொரு சக்தியைத் தான் கண்டதேயில்லை என்று அந்த அம்மாவின் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அடுத்த கிழமை அந்த அம்மா மரியாதையாகக் குளித்து, கையெல்லாம் துடைத்துப் பவுடர் போட்டு வந்தார். கோடுகள் எழும்பவேயில்லை. நிலைமை மோசம், ஒரு மாதம் தொடர்ந்து வரவேண்டும் என்றார் அத்தான். அந்த அம்மா உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டார்: “அப்ப, நான் குளிச்சதுதான் பிழையோ தம்பி?”

நான் குசினிக்குள் ஓடிப்போய் வயிறு நோகச் சிரித்தேன். தோலின் ஈரத்தை அளக்கிற பெட்டிக்கு இத்தனை கும்பிடா! அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதே அவளுக்குக் கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும். வாளியைத் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் அந்தப் பெட்டி, வீட்டு மனுசியிடமே வந்தது. குசினியில் இருந்து ஈரக்கையோடு வருகிறவளை இருத்தி அளந்துவிட்டு, “உன்ரை இதயப் பாதை இளம்பெட்டையின்ரை மாதிரிக் கிடக்கு” என்பார். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் மன்றாடினேன். “நான் அங்கை கியூவிலை நிண்டால் ஆரும் காணாமல் விடுவினமோ? பிறகு இவரிட்டை ஆர் வருவினம்?” என்றாள் அக்கா. அவருடைய பெயர்ப்பலகைக்காகத் தன் நெஞ்சுநோவை மறைத்துக்கொண்டு திரிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலையில் கிணற்றடியில் விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது அவளுடைய அதிர்ஷ்டம். ஏன் இவ்வளவு நாளும் கூட்டிவரவில்லை என்று வார்ட்டில் டொக்டர் கேட்டார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “நான் எத்தினை தரம் சொன்னனான் டொக்டர். இவ கேக்கேல்லை.”

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். அக்கா கட்டிலில் படுத்தபடி அவரைப் பார்த்தாள். நாள்பட்ட மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவளின் பார்வை அது.

பலகை இன்றும் தொங்குகிறது, சனமும் வருகிறது. ஆஸ்பத்திரிக் குளிசையில் அக்கா தேறியதையும் அத்தான் தன் வைத்தியத்தின் பெருமையாக ஆக்கிக்கொண்டார். போன மாதம் விறாந்தை நிறைய ஆட்கள் இருக்க, “எங்கடை வீட்டிலையே சாட்சி இருக்கு, பாருங்கோ” என்று அவளைக் கூப்பிட்டார். அக்கா வந்தாள். சேலை உடுத்து, கிளினிக் கொப்பியோடு வந்தாள். அவர் நீட்டிய குழாயை வாங்கவில்லை. ஆட்களுக்கு நடுவே நடந்துபோய், படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

“நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறன். நெஞ்சுநோ உள்ள ஆக்கள் ஆராவது இருந்தால் வாங்கோ, ஓட்டோவிலை இடம் கிடக்கு.”