என் படகும் மைத்துனரின் சந்தனமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, டெங்கில் பக்கத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு பழைய ஈயக்குளத்தின் கரையில் நின்று, பதினோரு பேர் பார்க்க, என் மைத்துனரைத் திட்டித் தீர்த்தேன்.

மனைவியின் தம்பியைப் பொது இடத்தில் திட்டலாமா? இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இப்படிக் கத்தலாமா? இரண்டு கேள்வியும் அங்கேயே கேட்கப்பட்டன. கேட்டவர் என் மனைவி.

நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

போன வருடம் எனக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் கிடையாது. ரவாங் ஊரில் இருக்கும் மகள் வந்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போகிறாள். காரை மனைவி ஓட்டுகிறாள். மருமகன் ஒருநாள் என் போனை வாங்கி, எழுத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை! இப்போது திரையில் ஒரு நேரத்தில் ஒன்பது சொல்தான் தெரிகிறது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியே ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பழக்கம் போகுமா?

கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால்கூட, "கால எறக்குங்க, ரத்த ஓட்டம் நின்னுடும்" என்று ஒரு குரல் வருகிறது.

அதனால்தான் படகு.

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். ரிமோட்டில் ஓடும் எலெக்ட்ரிக் வேகப் படகு. நான் வாங்கியது படகைக்கூட அல்ல... மரக் கிட். பெட்டியைத் திறந்தால் நாற்பத்தேழு பிளைவுட் துண்டுகளும் ஒரு வரைபடமும். மீதியெல்லாம் நம் கை. குறுக்குச் சட்டங்களை நேராக நிறுத்த வேண்டும். பக்கப் பலகையை வெந்நீரில் நனைத்து, மெல்ல மெல்ல வளைத்து ஒட்ட வேண்டும். பசை காயும்வரை அது திமிறும். அதைப் பிடித்து வைக்க, மனைவியின் துணிக் கிளிப்புகள் அறுபத்து நான்கையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அந்த நாள்களில் கொடியில் அனாதையாகத் தொங்கியது. ஒரு சட்டை பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது.

உள்ளும் புறமும் எபோக்ஸிப் பசை பூசித் தேய்த்து, மறுபடி பூசித் தேய்த்து, சிவப்புப் பெயின்ட் அடித்து முடித்தபோது, தடவிப் பார்த்தால் கண்ணாடி. நான் போட்டிருந்தது ஒரே ஒரு சட்டம்: யாரும் தொடக் கூடாது. உதவவும் கூடாது. இந்த வீட்டில் யார் தயவும் இல்லாமல் நான் செய்கிற ஒரே காரியம் இதுதான். அது ஓடினால், நான் இன்னும் ஒரு காரியத்துக்கு ஆவேன் என்று அர்த்தம். ஓடாவிட்டால்... மாத்திரை டப்பாதான்.

இந்தப் படகின் முக்கிய சங்கதி ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடும்போது மோட்டாரும், அதற்குக் கரன்ட் அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரும் கொதித்துப்போகும். அதனால் சுக்கானின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். படகு ஓட ஓடக் குளத்துத் தண்ணீர் அதில் ஏறி, குழாய் வழியாக உள்ளே சுற்றி, எல்லாவற்றையும் குளிர வைத்து, பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். குழந்தை ஒன்றுக்குப் போவது மாதிரி. அந்தப் பீய்ச்சல் தெரிந்தால் படகு நலம்.

ஈயக்குளத்தில் ஞாயிறுதோறும் படகு விட ஒரு கூட்டம் வரும். எல்லாரிடமும் இருப்பது கடையில் வாங்கிய ஃபைபர் படகு. கூட்டத்தில் மூத்தவர் ஆ செங் என்ற சீனர். நான் மரப் படகு கட்டுகிறேன் என்று கேள்விப்பட்டதும் மரம் தாங்காது என்று அவர் தலையை ஆட்டினார். "வுட் ஆ? அங்கிள், ஹை ஸ்பீட் கேன்னாட் லா. ஒன் ஜம்ப், கிராக்!"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு வந்தது. விடிந்ததும் சுக்கான் ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காற்று சுத்தமாக வந்தது. படகைக் காரின் பின்சீட்டில் வைத்துப் புறப்பட்டோம். மனைவி ஓட்டினாள். பிரிக்பீல்ட்ஸில் என் மைத்துனர் தனபாலனை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். ஏற்றிக்கொண்டோம். அதுதான் தப்பு.

தனபாலன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அதுதான் அவரிடம் உள்ள தொல்லை.

"மச்சான், நேரா கோயிலுக்கு விடச் சொல்லுங்க. புது வண்டிய பூஜை போடாமலா எறக்குவீங்க?"

"இது வண்டியில்லப்பா."

"மோட்டார் இருக்கு, பேட்டரி இருக்கு, பெயின்டு அடிச்சிருக்கு. அப்புறம் என்னா? முப்பது வருஷம் லோரி ஓட்டுனேன் மச்சான். எலுமிச்சம்பழம் நசுக்காம ஒரு லோரியையும் நான் ரோட்டுல எறக்குனதில்ல."

"அஞ்சு நிமிஷந்தானேங்க" என்றாள் மனைவி. கார் அதற்குள் கோயில் பக்கம் திரும்பிவிட்டது.

கோயில் வாசலில் புது கார் இரண்டு, மோட்டார்சைக்கிள் ஒன்று வரிசையில் நின்றன. நான்காவதாக என் படகு. குருக்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழத்த எங்க வைக்கிறது? சக்கரத்தையே காணோமே."

"முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு வச்சிடுங்க சாமி. மேல ஒரு அழுத்து அழுத்திடலாம்" என்றார் தனபாலன்.

"அழுத்தினா அடிப்பலகை போயிடும்!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"சரி மச்சான், கோவப்படாதீங்க. நான் கால்லயே மிதிச்சிடுறேன்." படகுக்குப் பக்கத்தில் நான்கு பழத்தையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மிதித்தார். காருக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம் போனில் படம் எடுத்தது.

மாலை போட வந்தார்கள். நார் பறந்து புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும் என்று தடுத்தேன். கற்பூரத் தட்டு நெருங்கியது. பெயின்ட் என்று கத்தி, தள்ளிப் பிடிக்க வைத்தேன். ஒவ்வொரு சண்டையிலும் எனக்குத்தான் ஜெயம். மேல்தளத்தில் வைத்த மூன்று பொட்டையும் அங்கேயே கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். திருநீறு வாங்கிக்கொள்ள ஒரு நிமிடம் திரும்பினேன்.

ஒரு நிமிடம்தான்.

குளத்துக்கு வந்தோம். பேட்டரியை மாட்டி, மூடியை டேப் போட்டு ஒட்டி, படகைத் தண்ணீரில் விட்டேன். ரிமோட்டின் விசையை அழுத்தினேன்.

ஐயா! மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பாய்ச்சல். பின்னால் வெள்ளை வாலாகத் தண்ணீர். அலையில் ஒரு முறை தாவி, தட்டென்று விழுந்து, ஒன்றுமே நடக்காதது போல் போய்க்கொண்டே இருந்தது. கரையில் யாரோ விசிலடித்தார்கள். என் மனைவி கை தட்டினாள். கடைசியாக அவள் எனக்குக் கை தட்டியது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது சுற்றில் ஆ செங் ஓடி வந்தார். "அங்கிள்! நோ வாட்டர்! நோ வாட்டர் கமிங் அவுட் லா!"

பக்கவாட்டைப் பார்த்தேன். பீய்ச்சல் இல்லை. விசையை விடுவதற்குள் டேப்பின் ஓரமாக நூல் மாதிரி புகை எழுந்தது. படகு நடுக்குளத்தில் அப்படியே நின்றுவிட்டது.

ஆ செங் தூண்டில் கம்பு கொண்டு வந்தார். அதன் நைலான் நரம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து கட்டியிருந்தது. படகைத் தாண்டி வீசி, நரம்பைச் சுற்றி, மெதுவாகக் கரைக்கு இழுத்தார். மூடியைப் பிரித்தேன். கன்ட்ரோலர் கரிந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றம். சுக்கானைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் ஏறும் ஓட்டையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. நகத்தால் நோண்டினேன். சந்தனம். இன்னும் நோண்டினேன். அதற்குள் ஒடித்துச் செருகிய ஊதுபத்திக் குச்சி.

தண்ணீரில் ஊறி, நன்றாக உப்பி, கார்க் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

"யாரு வேல இது?"

தனபாலன் கொஞ்சமும் தயங்கவில்லை. "நாந்தான் மச்சான். அடியில ஓட்ட இருந்துச்சு. நீங்க கவனிக்கலன்னு அடச்சு வுட்டேன்."

"அடச்சு வுட்டியா?"

"பின்ன? படகுல ஓட்ட இருந்தா அடைக்கணுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க!"

யாரோ மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்ட ஆ செங், தரையில் உட்கார்ந்து சிரித்தார். அப்போதுதான் நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது இந்தப் பத்திரிகையில் வராது.

எல்லாம் முடிந்த பிறகு தனபாலன் அமைதியாகச் சொன்னார்: "பூஜை போட்டதாலதான் மச்சான், எரிஞ்சதோட போச்சு. முழுகாம வந்துச்சு பாருங்க."

முழுகாமல் வந்தது, மூக்கிலும் வாலிலும் நான் வெட்டி அடைத்த பன்னிரண்டு ஃபோம் துண்டுகளால்! இதை அங்கே யார் கேட்டார்கள்? "அவன் நல்லதுக்குத்தானே செஞ்சான்" என்றாள் மனைவி.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நல்லதுக்குத்தானே! போன் எழுத்தைப் பெரிதாக்கியதும் நல்லதுக்கு. காலை இறக்கச் சொல்வதும் நல்லதுக்கு. கெட்டது செய்ய வருகிறவனைத் தடுக்கலாம், போலீஸுக்குப் போகலாம். நல்லது செய்ய வருகிறவனை என்ன செய்வது? கதவைத் திறந்து, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ போட்டுக் கொடுத்து, நன்றியும் அல்லவா சொல்ல வேண்டியிருக்கிறது!

"இந்த ஓட்டை எதுக்கு?" மூன்றே சொல், எண்ணிவிட்டேன். சின்னக் கேள்வி. அதைக் கேட்டிருந்தால் என் கன்ட்ரோலர் பிழைத்திருக்கும். ஏன் கேட்பதில்லை தெரியுமா? கேட்டால், அந்தப் பொருள் இன்னும் என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நோயாளியிடம் யார் கேட்கிறார்கள்? நோயாளிக்குச் செய்துதான் பழக்கம்.

புறப்படும்போது ஆ செங் படகின் அடிப்பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. "அங்கிள், வுட் ஓகே லா" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நியாயம் அதுதான். கோபத்தில் அதற்குச் சந்தோஷப்படக்கூட மறந்துவிட்டேன்.

புதன்கிழமை புதுக் கன்ட்ரோலர் வந்தது. மேசையில் படகை வைத்து, கரிந்ததைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் தனபாலன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு ரயிலேறி வந்திருக்கிறார்.

"தொடாதே" என்றேன்.

"தொடல மச்சான்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு கழுத்தை நீட்டி, "மச்சான்... இந்தக் குழாய் எதுக்கு?" என்றார்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டேன். சுக்கானிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர் ஏறுவது, சுற்றுவது, வெளியே பீய்ச்சுவது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். "அட, லோரி ரேடியேட்டர்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரேடியேட்டர் வாயையா அடச்சேன்?"

"அதத்தான்."

தலையைக் குனிந்துகொண்டார். பாவமாகப் போய்விட்டது. உள்மூலையில் ஒரு திருகாணி இருட்டில் இருந்தது. டார்ச்சை அவர் கையில் நானே கொடுத்தேன்.

பிடிக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெளிச்சம் விழுவது என் திருகாணி மேல் அல்ல, அவர் பார்க்க ஆசைப்படும் இடத்தில்.