திரிங்காப்புக்குப் போன பூனைகள்

எங்கள் லயத்து வீட்டின் பின்னால் அம்மா போட்டிருந்த தோட்டம் இரண்டு பாய் விரிக்கும் அகலம்தான். நாளெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் அதில் குனிந்துவிடுவாள். அந்தக் குளிருக்குக் கேரட்டும் கோசும் நன்றாக வரும். வரவிடாமல் செய்தவை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மூன்று பூனைகள். புதிதாகக் கொத்திய மண் என்றால் அவற்றுக்கு அவ்வளவு பிரியம். காலையில் எழுந்து பார்த்தால் முளைவிட்ட பாத்தி கிளறிக் கிடக்கும். நடுவில் மரியாதையாக மூடிவைத்த ஒரு சிறு குவியல்.

பெரியம்மா எங்களுக்கு உறவில்லை. மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபின் தனியாக இருந்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அம்மாவும் சமைத்துக்கொண்டே பேசுவார்கள். அந்தப் பேச்சு கெட்டுவிடக்கூடாது என்றுதான் பூனைகளைப் பற்றி அம்மா அவரிடம் வாய் திறக்கவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைப் பாத்தி முழுக்கக் குத்தி வைத்தாள். மிளகாய்த்தூள் தூவினாள், அன்றைக்கே மழை பெய்தது. அப்பா பழைய வலை ஒன்றைக் கட்டினார். கறுப்புப் பூனை அதை ஊஞ்சலாக ஏற்றுக்கொண்டது.

கடைசியில் மாமா பொறுப்பேற்றார். அவர் அம்மாவின் தம்பி, தொலைவில் திரிங்காப்புத் தோட்டங்கள் வரை போய்வரும் காய்கறி லோரியில் மூட்டை ஏற்றுபவர்.

"சாக்குல போட்டு திரிங்காப்ல எறக்கி விட்டுர்றேன்லா. அங்க தோட்டக்காரங்களுக்கு எலித் தொல்ல. ராஜா மாதிரி வச்சுக்குவாங்க."

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சாக்குக்குள் போட நெத்திலி வறுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மூன்று பூனைகளும் லோரியேறிய அன்று மாலை பெரியம்மா தகரத் தட்டைக் கரண்டியால் தட்டியபடி வாசலில் நெடுநேரம் நின்றார். பிறகு எங்கள் பக்கம் வந்தார்.

"புள்ளைங்களப் பாத்தியாம்மா?"

"இல்லக்கா."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

வெள்ளைப் பூனை பெரியம்மாவின் விறகுக் குவியலுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து சுவர் வழியாகக் குட்டிகள் பசியில் கத்தும் சத்தம் கேட்டது. அம்மா டின் பாலைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினாள். கண் திறக்காத குட்டிகளை மடியில் போட்டு, துணித்திரியை நனைத்து வாயில் வைத்தாள். அவை குடிக்கத் தெரியாமல் திரியை நக்கின. "உனக்குப் புண்ணியமாப் போகும்மா" என்று பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மாமாவின் லோரியில் ஏறினாள். "எங்கன்னுக்கா தேடுறது?" என்று மாமா வழியெல்லாம் முனகினார். அம்மா எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். திரிங்காப்பின் கோசுத் தோட்டங்களுக்கு நடுவே சேற்றில் நடந்து, அதைத் தட்டி, பெரியம்மாவின் குரலில் "பா... பா..." என்று கூப்பிட்டாள். ஒரு சீனக் கிழவர் நிமிர்ந்து, என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். "கூச்சிங்" என்றாள் அம்மா. பூனைதானா என்பதுபோல் சிரித்துவிட்டு, அவர் கையை மலை முழுக்க வீசிக் காட்டினார். எங்கிருந்தோ ஒரு செம்பட்டைப் பூனை வந்தது. அது நாங்கள் தேடிப்போன மூன்றில் ஒன்று அல்ல. கொண்டுபோன கருவாட்டை அதற்கே போட்டுவிட்டு, அது தின்று முடிக்கும்வரை அம்மா அங்கேயே குந்தியிருந்தாள்.

திரும்பி வந்ததும் நேராகப் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லயமே கூடும்படி சண்டை வரும் என்று பயந்து நான் அவள் பின்னால் நின்றேன். பெரியம்மா ஏசவில்லை, அழவும் இல்லை.

"தட்டத் தட்டிக் கூப்டியா?"

"கூப்டேன்க்கா."

"சரிம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த முறை கோசு முன்னெப்போதும் இல்லாதபடி விளைந்தது. முதல் கோசைப் பெரியம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அவர் வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினார். வீட்டுக்கு ஓடி வந்து, "பெரியம்மாவுக்குக் கோவமே இல்லம்மா" என்றேன். அம்மா களைந்து முடித்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். நல்ல செய்தி சொன்னேன், அம்மாவுக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.